குஸ்கோ பேராலயத்தில் இயேசுவின் மேசையில் கினிப் பன்றி: இதைக் கலப்பு என்பதா?

மலர்விழி:
பெருவில் குஸ்கோ பேராலயத்தில் இருக்கிற இறுதி இராவுணவு ஓவியத்தின் படத்தை நேற்றுப் பார்த்தேன், அப்போதிலிருந்து அதே நினைப்பு. 18ஆம் நூற்றாண்டில் மார்கோஸ் சபாத்தா வரைந்தது. இயேசுவும் சீடர்களும் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுத்தட்டில் ஒரு கினிப் பன்றி மல்லாந்து கிடக்கிறது! ஆண்டிஸ் மலைக்காரர்கள் விசேஷங்களுக்குச் சமைக்கிற 'குய்'. பார்க்கப் பிரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கு படித்தாலும் 'பண்பாட்டுக் கலப்பு' என்றே எழுதுகிறார்கள். 1533இல் இன்காக்களின் தலைநகராக இருந்த இந்த ஊரைப் பிடித்துக்கொண்ட ஸ்பானியர்களோடு வந்த மதம் அது. அப்படி வந்ததைக் கலப்பு என்று சொல்லலாமா? நானும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், மனசு கனத்துத்தான் கேட்கிறேன்.

செந்தில்குமரன்:
சொல்லக்கூடாது என்பேன். சூரியக் கோயிலான கொரிகாஞ்சாவின் தங்கத் தகடுகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், மிஞ்சிய சுவர்கள் மேலேயே சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். நீங்கள் சொல்கிற பேராலயத்துக்கே சக்சாய்வாமான் கோட்டையின் கற்கள் போயிருக்கின்றன. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இன்கா அரசர்களின் பதப்படுத்திய உடல்களுக்குத் துணி உடுத்தி, சிச்சா மது படைத்து, விழா நாளில் சதுக்கத்துக்குத் தூக்கிவந்து, உயிரோடு இருக்கிற பெரியவர்களாகவே நடத்தினார்கள் அந்த மக்கள். 1559இல் போலோ தே ஒந்தெகார்தோ என்ற அதிகாரி அவற்றைத் தேடித்தேடிப் பறித்தார். பாட்டன் பூட்டனையே பறிகொடுத்தவர்களிடம் போய்க் கலப்பு என்று எப்படிச் சொல்வது?

ஆரோக்கியமேரி:
செந்தில் தம்பி சொன்ன அத்தனையும் நடந்ததுதான். ஆனால் அதே சதுக்கத்தில் அப்புறம் என்ன நடந்தது என்றும் பாருங்கள். கிறிஸ்துவின் திரு உடல் பெருவிழாவுக்கு இன்றும் புனிதர்களும் மாதாக்களுமாக 15 சுரூபங்கள் அவரவர் பங்கிலிருந்து சப்பரத்தில் வந்து, பேராலயத்தில் ஒன்றாகத் தங்கிவிட்டுத் திரும்புகின்றன. விழா வருவதும் ஜூன் பக்கம், இன்காக்களின் சூரிய விழாவான இன்டி ராய்மி காலம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாந்தா அனா கோயிலுக்காக வரைந்த பவனி ஓவியங்களில், இன்கா பிரபுக்கள் அரசச் சின்னமான சிவப்புக் குஞ்சம் நெற்றியில் தொங்கச் சப்பரத்துக்கு முன்னால் நடக்கிறார்கள். பழைய சாமிகளை உள்ளுக்குள் ஒளித்து வைத்துக் கும்பிட்டவர்கள் இப்படியா ஊர் நடுவே வருவார்கள்? தங்கள் விழாவாகவே ஆக்கிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

செந்தில்குமரன்:
சரி அக்கா, ஆனால் முன்னால் நடந்தவர்கள் பிரபுக்கள். ஸ்பானிய ஆட்சியிலும் அவர்களுக்குச் சலுகை இருந்தது, இன்கா வம்சம் என்று காட்டிக்கொண்டால்தான் அது நிலைக்கும். அதே காலத்தில் குஸ்கோவுக்குத் தெற்கே இருந்த குடியானவனை 'மித்தா' என்ற கட்டாய வேலைக்கு இழுத்துப்போய்ப் பொதோசி வெள்ளிச் சுரங்கத்தில் இறக்கினார்கள். பொதோசியிலும் ஒரு மாதா ஓவியம் இருக்கிறது: அந்தச் சுரங்க மலையேதான் மாதாவின் உடுப்பு, முகமும் கைகளும் மட்டும் வெளியே தெரியும். அதில் நிலத்தாய் பச்சமாமாவைக் காண்கிறவர்கள் உண்டு. அந்தக் குடியானவன் அவளிடம் என்ன வேண்டியிருப்பான் என்று யோசித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மலர்விழி:
'அந்த மக்கள்' எல்லாரையும் ஒரே ஆளாக நினைத்துக்கொண்டே கேட்டிருக்கிறேன், இப்போதுதான் உறைக்கிறது. இருவருக்கும் நன்றி. அக்கா, சாந்தா அனா ஓவியங்களைப் பெரிய அளவில் எங்கே பார்க்கலாம்? அந்தப் பிரபுக்களின் முகங்களையும் பக்கத்தில் நிற்கிற சனங்களின் முகங்களையும் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.