மின்சிகரெட்டா, மெல்லும் புகையிலையா: ஆய்வேட்டுக்கு எதை எடுப்பது?

மாணவி, புதுச்சேரி:
வணக்கம். பொதுச் சுகாதார ஆய்வேட்டுக்கு மின்சிகரெட்டை எடுக்க எண்ணியிருக்கிறேன். 2019-இல் இந்தியா அதைத் தடை செய்தது. அதே ஆண்டு, பிரிட்டனில் புகைப்பதை நிறுத்த விரும்பிய 886 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. அதில், ஓராண்டுக்குப் பின் புகையை விட்டிருந்தவர்கள் மின்சிகரெட் பிரிவில் 18 சதவீதமாகவும், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, நிகோட்டின் சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்திய பிரிவில் 9.9 சதவீதமாகவும் இருந்தனர். அப்படியானால் நம் தடை சரிதானா?

ஆய்வாளர், புதுச்சேரி:
அதே ஆய்வில், சிகரெட்டை விட்டவர்களுள் 80 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பிறகும் மின்சிகரெட்டைத் தொடர்ந்தார்கள் என்பதையும் பாருங்கள். மற்றப் பிரிவில் 9 சதவீதத்தினரே நிகோட்டின் மாற்றைத் தொடர்ந்தனர். புகை நின்றதே பெரிய லாபம்தான். ஆனால் புகைத்தே பழகாத பள்ளி மாணவர்களிடம் மின்சிகரெட் சேர்ந்துவிடக் கூடாது என்ற அச்சமும் நியாயமானதே.

செவிலியர், கடலூர் முதுநகர்:
நம் ஊருக்கு வேறு கேள்வி வேண்டும், அம்மா. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் புகைப்போர் 10.7 சதவீதம், மெல்லும் புகையிலை போன்ற புகையில்லாப் புகையிலை பயன்படுத்துவோர் 21.4 சதவீதம். துறைமுகத்தில் வலையிலிருந்து மீன் பிரிப்பவருக்கு இரு கைகளும் ஈரம், பீடி பற்றவைக்க முடியாது; புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். வாய்க்குள் புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு படிந்த பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்பதுதான் என் வேதனை.

மாணவி:
நன்றி, அக்கா. துறைமுகத் தொழிலாளர்களிடம் புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவும் 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண் எந்த அளவுக்குச் சென்று சேர்ந்திருக்கிறது என்பதையே ஆய்வுக் கேள்வியாக வைக்கிறேன்.