கிட்டில் 'செக் அவுட்': ஒரே சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

மென்பொருள் தமிழாக்கத்தில் 'செக் அவுட்' (checkout) வரும் இடமெல்லாம் 'சரிபார்' என்றே போடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. விடுதி என்றால் 'அறையைக் காலி செய்', நூலகம் என்றால் 'இரவல் பெறு', இணையக் கடை என்றால் 'பணம் செலுத்து'. இங்கெல்லாம் செயலைப் பார்த்து எழுதிவிடலாம். சிக்கல், நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில்தான்.

கிட்டில் 'செக் அவுட்' கட்டளையோடு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், அதில் நாம் செய்து இன்னும் ஸ்டேஜ் செய்யாத (அடுத்த பதிவுக்கு எடுத்துவைக்காத) மாற்றங்கள் போய்விடும்; பழைய வடிவம் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'அழிக்கட்டுமா?' என்றுகூடக் கேட்காது. போனதைத் திரும்ப எடுக்க கிட்டில் வழியும் இல்லை. பொத்தானில் 'சரிபார்' என்று இருந்தால், புதிதாகக் கற்கும் மாணவர் கோப்பைத் திறந்து காட்டும் என்றுதான் நினைப்பார். தைரியமாக அழுத்துவார். தமிழில் படித்ததாலேயே ஒருவருடைய வேலை அழியக்கூடாது.

சரி, கிட்டிலும் இதற்கு 'இரவல்' என்று போடலாமென இன்னொருவர் எழுதியிருந்தாரே? 1980களில் வந்த ஆர்சிஎஸ் (RCS) என்ற இதே வகைப் பழைய மென்பொருளுக்கு அது அழகாகப் பொருந்தும். கோப்பைப் பூட்டி எடுத்துப் போனால், திருப்பித் தரும்வரை மற்றவர் அதில் தன் மாற்றத்தைச் சேர்க்க முடியாது. சப்வெர்ஷன் என்ற இன்னொரு மென்பொருளில் இதே சொல் சர்வரிலிருந்து வேலைப் பிரதியை இறக்குவதைக் குறித்தது. 2005இல் வந்த கிட்டில் அந்த வேலை 'குளோன்' (பிரதி எடு) என்ற கட்டளையின் பக்கம் போய்விட்டது. பழைய பெயர் மட்டும் கிளை (தனியாக வளரும் மாற்றங்களின் வரிசை) மாறுவதற்கும் கோப்பைப் பழையபடி ஆக்குவதற்கும் ஒட்டிக்கொண்டது. இரவல் வாங்க அங்கே எதுவும் இல்லை.

இந்தக் குழப்பம் கிட்டை உருவாக்குபவர்களுக்கும் தெரிந்ததுதான். 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில் கிளை மாற 'ஸ்விட்ச்', கோப்பை மீட்க 'ரீஸ்டோர்' என்று இரண்டு தனிக் கட்டளைகள் சேர்த்தார்கள். ஆங்கிலத்திலேயே பிரித்துவிட்டதை நாம் ஏன் மறுபடி ஒட்டவேண்டும்?

என் பரிந்துரை: கிளை என்றால் 'கிளை மாறு', கோப்பு என்றால் 'கோப்பை மீட்டெடு'. இரண்டாவதன் கீழ் 'ஸ்டேஜ் செய்யாத மாற்றங்கள் அழியும்' என்ற வரி கட்டாயம் வேண்டும். கட்டளையின் பெயரை மட்டும் குறிக்கும் இடத்தில் 'செக் அவுட்' என்றே விடலாம்; தட்டச்சு செய்வது அதைத்தானே.

மொழிபெயர்ப்புக் கோப்பில் இரண்டுக்கும் ஒரே சரம் (உரைத்துண்டு) இருந்தால், சூழல் குறிப்பு சேர்த்துப் பிரித்துத் தரும்படி நிரலாளர்களிடம் கேட்போம். மொழிபெயர்ப்புக்கு உதவும் கெட்டெக்ஸ்ட் (gettext) கருவியில் அதற்கு வசதி இருக்கிறது.

அப்புறம், 'ரீசெட்' என்ற இன்னொரு கட்டளைக்கு ஏற்கெனவே 'மீட்டமை' புழங்குகிறது. 'மீட்டெடு' அதோடு குழம்புமா என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தல். 'கோப்பைப் பழையபடி ஆக்கு' என்று நீட்டியே எழுதலாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.