ஒன்பது இஞ்சு சுவரும் நாலு மில்லியும்

பாளை வரைவாளர்:
சுவர்னா ரெண்டு கோடுதானேன்னு நெனைச்சு மாட்டுனவங்க யாராச்சும் இருக்கீங்களா? நான் மாட்டுனேன்.

பாளையங்கோட்டையில ஒரு மாடி வீடு. இதுவரைக்கும் ரெண்டு கோடு இழுத்து நடுவுல ஹாட்ச் (சாய்கோடு) அடிச்சா சுவர். இந்தத் தடவை முப்பரிமாண மாடல்தான் வேணும்னுட்டார் ஆபீஸ் பெரியவர். டெம்ப்ளேட்டைத் திறந்தா யாரோ வீட்டுச் சுவர் நிக்குது: செங்கல், காத்து இடைவெளி, இன்சுலேஷன், ஜிப்சம் போர்டு. அதைத் தூக்கிட்டு நம்மூர் ஒன்பது இஞ்சு சுவரை எழுதினேன். மில்லிமீட்டர்ல செங்கல் 230, உள்பூச்சு 12, வெளிப்பூச்சு 20. மொத்தம் 262.

பழக்க தோஷம், சென்டர் லைன் பிடிச்சே இழுத்தேன். மென்பொருளுக்கு சென்டர்னா பூச்சோட சேர்த்து நடு. ரெண்டு பக்கப் பூச்சும் சமமில்லையே, அதனால செங்கல் 4 மில்லி உள்ளே நகர்ந்துடுச்சு. எதிர்ச்சுவரும் அதே மாதிரி உள்ளே 4. செங்கலுக்குச் செங்கல் 3050 வரவேண்டிய அறை 3042. பிரிண்ட் சைட்டுக்குப் போனப்புறம்தான் தெரிஞ்சது. கொத்தனார் சிரிச்சார்: "தம்பி, நான் கட்டுற நூலே ரெண்டு மில்லி கனம் இருக்கும். இதுல எட்டை எங்க போயி தேட?"

சுவரோட நடுவை விட்டுட்டு 'கோர்', அதாவது பூச்சு நீங்கலா செங்கல் மட்டும், அதோட நடுவைப் பிடிக்கச் சொல்லி முதல்லயே வச்சிருக்கணும். பின்னால மாத்தினா சுவர் நகராது, நின்ன இடத்துலயே நிக்கும். ஒவ்வொண்ணா நான்தான் தள்ளினேன்.

சேரன்மகாதேவி:
எனக்குத் தூண். 230க்கு 380 கான்கிரீட் தூண், சுவரோட பூச்சு அதுகிட்ட வந்ததும் நின்னுக்கிடுது. தூண் முகம் மொட்டை. வெறும் பூச்சை 12 மில்லிக்குத் தனிச் சுவரா வரைஞ்சு மேல ஒட்டினேன். கதவு வச்சா செங்கல்ல ஓட்டை விழுது, பூச்சு அப்படியே கதவை மூடிக்கிட்டு நிக்குது. ரெண்டு சுவரையும் ஜாயின் பண்ணினப்புறம்தான் வழி திறந்துச்சு.

தாமிரபரணிக்காரி:
நீங்கள்லாம் புதுச் சுவர் கட்டுறீங்க, கொடுத்து வச்சவங்க. கல்லிடைக்குறிச்சியில ஒரு அக்ரஹாரத்து வீட்டை அளவெடுத்து வரைஞ்சோம். ஒரே சுவர், ரேழிப் பக்கம் 540, கொல்லைப் பக்கம் 490. இந்த மென்பொருள்ல ஒரு சுவருக்கு நீளம் முழுக்க ஒரே கனம்தான் கொடுக்கலாம். நடுக்கனம் போட்டா ஒரு முனையில நிலை துருத்துது, இன்னொரு முனையில உள்ளே போயிடுது. கடைசியில 540, 515, 490னு மூணு துண்டாக்கி, ஒட்டு தெரியாம குறுக்குச் சுவர் வர்ற இடத்துல மறைச்சேன்.

அதுல ஒரு மாடக்குழி. விளக்கு வச்சு வச்சு மேல்வளைவு கறுத்து, சுண்ணாம்பு மேல சுண்ணாம்பு அடிச்சு விளிம்பெல்லாம் மழுங்கிக் கிடக்கு. அரைநாள் அதுக்கே போச்சு. வீட்டு மாமி காப்பியோட வந்து, "அது பாட்டுக்கு நிக்கறது, அதுக்கு எதுக்குடி இத்தனை அளவு?"ன்னாங்க. பதில் சொல்லத் தெரியல.

வள்ளியூர் காண்ட்ராக்டர் மகன்:
மாடல்ல இருந்து பூச்சு அளவை அப்படியே எடுத்துடாதீங்க, மேஸ்திரிகிட்ட சண்டை நிச்சயம். ஜன்னல் இருந்தா மென்பொருள் ரெண்டு பக்கமும் கழிச்சிடும். கட்டட வேலையை அளக்குறதுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1200, அதோட கணக்கு வேற: அரை சதுர மீட்டர் வரைக்கும் கழிவே கிடையாது, அதுக்கு மேல 3 சதுர மீட்டர் வரை ஒரு முகம் மட்டும்தான் கழிக்கணும். ஜன்னலைச் சுத்தி உள்விளிம்பு பூசுறதுக்குத் தனிக்காசு இல்லாததால அந்த ஏற்பாடு. எங்க வேலையில 1.2க்கு 1.2 ஜன்னல் 14. மாடல் 20.16 சதுர மீட்டர் குறைச்சுக் காட்டிச்சு, கிட்டத்தட்ட 217 சதுர அடி. நான் லேப்டாப்போட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். அப்பா சிகரெட் அட்டை பின்னால "ஜன்னல் 14, ஒரு மூஞ்சி"ன்னு எழுதி மேஸ்திரி கையில கொடுத்துட்டார்.

பாளை வரைவாளர்:
அண்ணாச்சி, எங்க பூச்சு பில் நாளைக் காலையில போகுது. ஃபைலைத் திறந்து பாத்துட்டு வாறேன்.