மாமரத் தண்டுத் துளைப்பான்: யாராவது நேரில் பார்த்தீர்களா?

சேலத்து மல்கோவா:
போன ஆடியில் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. ராத்திரி திண்ணை லைட்டுக்கு ஒரு வண்டு வந்து சுவரில் மோதி விழுந்தது. கட்டைவிரல் நீளம், சாம்பல் நிறம், கழுத்தில் இரண்டு ஆரஞ்சுப் பொட்டு. கொம்பு உடம்பைவிட நீளம். எடுத்ததும் கையிலேயே கிரீச் கிரீச் என்று கத்தியது. பாவமென்று வேலியோரம் விட்டுவிட்டேன். வேலியோரம் நிற்பது எங்கள் மாமரம்!

தோப்புக்காரன்:
விட்டீர்களா! எங்கள் செந்தூராவில் ஒரு கிளை மட்டும் இலை உதிர்த்தது. உரம் போதவில்லை என்று இரண்டு மூட்டை எரு போட்டேன். அடியில் கிடந்த மரத்தூளைக் கண்டுகொள்ளவே இல்லை. அப்புறம் சைக்கிள் கம்பியை வளைத்துத் துளைக்குள் விட்டு இழுத்தால், சுண்டுவிரலைவிடத் தடிமனாக ஒரு வெள்ளைப் புழு. காலே கிடையாது, கறுப்புத் தாடை மட்டும் அசைகிறது. அடுத்த காற்றில் கிளை முறிந்தது.

பூச்சிப்பித்தன்:
சேலத்துக்காரரே, அது வாயால் கத்தவில்லை. கழுத்துப் பகுதியை உடம்போடு உரசி எழுப்பும் சத்தம் அது. என் அனுபவம் சின்னது: அடுக்கி வைத்த மாவிறகிலிருந்து ஒன்று வெளியே வந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். பெண் வண்டு பட்டையைக் கீறித்தான் முட்டை வைக்கும். புழு ஒரு வருஷம்கூட உள்ளே குடையும். அதனால் பழைய ஓட்டையில் மருந்து ஊற்றுவது வீண், ஈரமான புதுத்தூள் எங்கே தள்ளுகிறது என்று பாருங்கள். புழுவை எடுத்ததும் களிமண்ணால் அடையுங்கள். வெட்டிய கிளையைத் தோப்பிலேயே போடாதீர்கள், எரித்துவிடுங்கள். மா மட்டுமில்லை, பலா, அத்தி, இலவம் எதையும் விடாது. இஸ்ரேலில் அத்தித் தோட்டங்களையே பாடாய்ப் படுத்தியிருக்கிறது.

யாழ் முற்றம்:
பாடம் எல்லாம் சரி அண்ணை, எரிக்கிறதுக்கு எனக்கு மனம் வராது. அப்பப்பா வைத்த கறுத்தக்கொழும்பான் மாமரம் அது. கரண்ட் இல்லாத ஓர் இரவு மரத்தில் சாய்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால், மரத்துக்குள்ளே, கறக் கறக் என்று மெல்லுகிற சத்தம். வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை.

சேலத்து மல்கோவா:
இதைப் படித்துவிட்டு டார்ச்சோடு போனேன். அடிமரத்தில், முழ உயரத்தில், விரல் நுழையும் ஓட்டை. கீழே தூள். தொட்டால் ஈரம்.