குஞ்சிலேயே சேவலா பெட்டையா என்று சொன்னவர்களைப் பார்த்ததுண்டா?

பஞ்சாரம்:
சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். இறக்கை முளைத்து, கொண்டை வெறும் கோடாகத் தெரிகிற வயது. நான் பொறுக்கி வைத்ததில் ஒன்றை எடுத்துக் கூடைக்கார ஆத்தா அதன் காலை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். "இது கூவும் சாமி. முட்டைக்கு என்றால் வேறு எடுத்துக்கொள்" என்றார். நிறம் பிடித்துப்போனதால் அதையும் வாங்கினேன். பொங்கலுக்குள் கூவிவிட்டது. காலில் அப்படி என்னதான் தெரிகிறது?

கருங்கால்:
முட்டைக்கோழிப் பொரிப்பகத்தில் சில காலம் வேலை பார்த்தேன். அங்கே காலைப் பார்ப்பதில்லை, இறக்கைதான். பொரித்த அன்றே விரித்தால் இரண்டு வரிசை இறகு தெரியும். கீழ் வரிசை நீண்டு மேல் வரிசை குட்டையாக இருந்தால் பெட்டை. இரண்டும் சமமாக இருந்தால் சேவல். எதிரே உட்கார்ந்த அக்கா, மகளின் சீமந்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒரு கணம் இறக்கையை விரிப்பார். குஞ்சு இடப்பக்கமோ வலப்பக்கமோ விழும். வலப்பக்கப் பெட்டி சேவல்களுக்கு. முட்டையும் போடாது, கறிக்கும் தேறாது. ஒரு நாள் அந்தப் பெட்டி நிரம்பி, ஒன்று அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. பேச்சை நிறுத்தாமலேயே எடுத்துத் திரும்பப் போட்டார். திருவிழாவில் பச்சை, ரோஸ் சாயம் பூசி விற்கிறார்களே, அவை பெரும்பாலும் இந்தப் பெட்டிக் குஞ்சுகள்தாம்.

விடைக்கோழி:
பஞ்சாரம், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி சரியாக வரும். பலித்ததை மட்டும்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று பிரித்து அடைவைப்பார் எங்கள் அப்பத்தா. ஒரு கோழி ஆயுசுக்கும் ஏறத்தாழ ஒரே வடிவத்தில்தானே முட்டையிடும்? அப்படியானால் எங்கள் சாம்பல் கோழிக்குச் சேவலாகவே பொரித்திருக்க வேண்டும். இரண்டும் கலந்துதான் வந்தன. இதைச் சொன்னதும், அடையில் கிடந்த கோழியை ஒரு கையால் தூக்கி, சூடான முட்டையை என் உள்ளங்கையில் திணித்து, "நீயே உடைத்துப் பார்" என்றார்.

கொட்டகை:
கருங்கால் சொல்லும் இறக்கைக் கணக்கை நாட்டுக்கோழியில் போட்டுவிடாதீர்கள். நானும் பார்த்தேன், எல்லாமே பெட்டையாகத் தெரிந்தது. தாய் மெதுவாக இறகு விடும் வகையாகவும் தகப்பன் வேகமாக விடும் வகையாகவும் பார்த்து இணைசேர்த்தால்தான் அது பலிக்கும். ரோட் ஐலண்ட் ரெட் இனச் சேவலை, வரியுள்ள பிளைமவுத் ராக் இனப் பெட்டையோடு சேர்த்தாலும் வசதிதான்: குஞ்சின் தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல். எச்சத்துளையைப் பிதுக்கிப் பார்ப்பது ஜப்பானியர் 1920களில் வளர்த்தெடுத்த வித்தை; பழகிய கை வேண்டும். வீட்டில் முயன்றால் குஞ்சு செத்துப்போகலாம். பொறுங்கள். ஆறு வாரம் ஆகும்போது சேவலின் கொண்டை சிவந்து பெருத்துவிடும், காலும் தடித்திருக்கும். பிறகு இடுப்பில் கூரான, பளபளக்கும் இறகு தொங்கினால் சந்தேகமே வேண்டாம். தண்ணீர்த் தட்டைத் தினமும் கழுவுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரமே சொட்டு மருந்து விட்டுவிடுங்கள். பூனைக்குக் கம்பிவலை போடுங்கள்.

பஞ்சாரம்:
கொட்டகை, நான் சொட்டு மருந்து கேட்கவில்லை. விடைக்கோழி, பாதிக்குப் பாதி என்கிறீர்கள். அந்த ஆத்தா மற்றவற்றைத் தொடவே இல்லை, அந்த ஒன்றைத்தான் எடுத்தார். கால் தடித்திருக்கும் என்று கொட்டகையே சொல்லிவிட்டார். அது எத்தனை நாளில் விரலுக்குத் தெரியும்? அதைச் சொல்லுங்கள்.