சொலினாய்டும் கொதிக்கும் மாஸ்ஃபெட்டும்

கேள்வி:
12 வோல்ட், 2 ஆம்பியர் சொலினாய்டு (மின்காந்தச் சுருள்) பூட்டு. ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் 5 வோல்ட் வெளியீட்டு முனையிலிருந்து (pin) ஐஆர்எஃப்540 மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வழியாக இயக்குகிறேன். பூட்டு அரைகுறையாக அசைகிறது, மாஸ்ஃபெட் தொட முடியாமல் கொதிக்கிறது. ஏன்?

பதில்:
அந்த மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு (கட்டுப்படுத்தும் முனை, gate) 10 வோல்ட் வேண்டும், ஐயா. 5 வோல்ட்டில் முழுதாகத் திறக்காது. அந்தக் குறைதான் வெப்பமாகிறது. 5 வோல்ட்டிலேயே திறக்கும் ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட்டைப் போடுங்கள். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு (0 வோல்ட் முனை) 10 கிலோ ஓம் மின்தடை அவசியம். போர்டு ரீசெட் ஆகும்போது பூட்டு தானாகத் திறந்துகொள்ளக் கூடாதல்லவா! பூட்டின் சுருளுக்குக் குறுக்கே டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் பாகம்) இருக்கிறதா? கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கம். அது இல்லையென்றால், மின்னோட்டம் நிற்கும் கணத்தில் சுருள் எழுப்பும் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டைக் கொன்றுவிடும்.

இன்னொரு பதில்:
டயோடால் பூட்டு விடுபடுவது சற்றுத் தாமதமாகும். வேகம் வேண்டுமானால் அந்த டயோடுடன் தொடராக ஒரு ஜீனர் (குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் எதிர்த்திசையிலும் கடத்தும் டயோடு) சேருங்கள். ஆர்டுயினோ, 12 வோல்ட் ஆகிய இரண்டு சப்ளைகளின் கிரவுண்டும் இணைந்திருக்கட்டும்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். சடக்கென்று இழுக்கிறது! மிக்க நன்றி. ஜீனர் எத்தனை வோல்ட்?