நாலு டாக்டர் பார்க்கிறார்கள், மொத்தமாக யார் பார்க்கிறார்கள்?

அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரையும் பிரஷரும் பல வருஷமாக இருக்கின்றன, இதயம் பலவீனம் என்பது பிறகு வந்தது, அதற்குப் பின்னாலேயே கிட்னியும் மந்தமாகிவிட்டது. போதாததற்கு மூட்டு வலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர். ஒவ்வொருவரும் அவரவர் துறையில் கெட்டிக்காரர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இதய டாக்டர் நீர் மாத்திரையைக் கூட்டுவார், கிட்னி டாக்டர் குறைக்கச் சொல்வார், இருவருக்கும் நடுவில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்பேன். "அதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்" என்ற வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

மூட்டு வலிக்கு ஒருவர் டைக்ளோஃபெனாக் எழுதிக் கொடுத்தார். அப்பா ஏற்கெனவே பிரஷருக்கும் இதயத்துக்கும் ராமிப்ரில், கூடவே நீர் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். சில நாளில் சிறுநீர் குறைந்தது, கால் வீங்கியது, ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எகிறியிருந்தது. அட்மிட் செய்தார்கள். வார்டில் இருந்த இளம் டாக்டர்தான் உட்கார்ந்து விளக்கினார்: ராமிப்ரில் வகை மாத்திரை, நீர் மாத்திரை, இந்த வகை வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் கிட்னிக்குப் போகும் ரத்த அழுத்தம் விழுந்து திடீரென்று செயலிழக்கலாம், வயதானவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம் என்று. தனித்தனியாகப் பார்த்தால் மூன்று சீட்டிலும் ஒரு தப்பும் கிடையாது! மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம்தான் ஒரு குடும்ப டாக்டர் மொத்தப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளும் முறைக்கு மாறினோம், அவரோடு ஒருங்கிணைப்புக்கென்றே ஒரு நர்ஸும் உண்டு. முதல் சந்திப்புக்கு "சீட்டு வேண்டாம், வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். நர்ஸ் மேஜைமேல் எல்லாவற்றையும் கொட்டிப் பரப்பினார். பாதி தீர்ந்த அட்டைகள், பெயர் தெரியாத பொடி, யாரோ கொடுத்த தூக்க மாத்திரை, எல்லாம் வெளியே வந்தன. அதில் இரண்டு அட்டைகளை அருகருகே வைத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். கம்பெனி பெயர் வேறு, உள்ளே இருப்பது இரண்டிலும் இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால். அப்பாவின் நாடித்துடிப்பு ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. பிறகு ஒரு தாளில் கட்டம் போட்டார்: மருந்து, எதற்காக, எழுதியது யார், எதுவரை. அந்தக் கடைசிக் கட்டம் முக்கால்வாசி காலியாகவே இருந்தது.

இதய டாக்டரோடு எங்கள் முன்னாலேயே போனில் பேசி நீர் மாத்திரை அளவை முடிவு செய்தார்கள். தினமும் காலையில் எடை பார்த்து எழுதச் சொன்னார்கள், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று அர்த்தமாம், வலி, மூச்சுத் திணறல் எதுவும் வரும்வரை காத்திருக்காமல் நர்ஸுக்குப் போன் செய்ய வேண்டும். இப்படி யாராவது பல நோய்களை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் முறையில் இருக்கிறீர்களா? நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

அம்மாவுக்குத் துணையாக இருப்பவன்

எங்கள் வீட்டுக் கதையும் ஏறக்குறைய இதேதான், வந்த வழி மட்டும் வேறு. அம்மாவுக்குப் பிரஷருக்கு அம்லோடிபின் கொடுத்தார்கள். கணுக்கால் வீங்கியது. இன்னொரு டாக்டரிடம் காட்டியபோது வீக்கத்துக்கு நீர் மாத்திரை. நீர் மாத்திரை வந்ததும் ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கு ஓட்டம், சில நேரம் போய்ச் சேர்வதற்குள்ளேயே... சரி, அதற்கு வேறொருவர் சிறுநீர் அவசரத்தை அடக்கும் ஆக்ஸிப்யூட்டினின் எழுதினார். இப்போது வாய் உலர்ந்து போனது, மலச்சிக்கல், அதற்கும்மேல் பேச்சில் தடுமாற்றம், என்னையே சில சமயம் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மறதி நோய் என்றே முடிவு கட்டி, நரம்பு டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டோம்.

அதற்கு முன்னால் குடும்ப டாக்டரிடம் போனோம். அவர் ஸ்கேன் எதுவும் கேட்கவில்லை, காலண்டரைக் கேட்டார். எந்த மாத்திரை எப்போது தொடங்கியது, எந்தத் தொந்தரவு எப்போது வந்தது என்று தேதி வாரியாக எழுத வைத்தார். எழுதி முடித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. ஒரு மருந்தின் பக்க விளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து கொடுத்துக்கொண்டே போவதை 1997-லேயே ரோச்சன், குர்விட்ஸ் என்ற இரு டாக்டர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் விரிவாக எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னார். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தவில்லை. முதலில் ஆக்ஸிப்யூட்டினின், தெளிவு வந்த பிறகு அம்லோடிபினுக்குப் பதில் வேறொன்று, வீக்கம் வடிந்த பிறகு நீர் மாத்திரை. அம்மா இப்போது என்னை என் பெயர் சொல்லித்தான் திட்டுகிறார்.

நம்பிக்கை இழந்த ஒருவர்

படிக்க நன்றாக இருக்கிறது. பெரியப்பாவுக்கும் இதே மாதிரி ஒரு திட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் போட்டார்கள். மாதம் ஒருமுறை போன் வரும். "மருந்து தவறாமல் சாப்பிடுகிறீர்களா? காலில் புண் இருக்கிறதா? நடக்கிறீர்களா?" படிவத்தைப் பார்த்துப் படிக்கிறார் என்பது குரலிலேயே தெரியும். "மாத்திரை போட்டால் தலைசுற்றுகிறது" என்றால் "டாக்டரிடம் சொல்கிறேன்" என்பார், அதோடு சரி. அடுத்த மாதம் வேறு ஆள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முடிவெடுக்க அதிகாரம் இல்லாதவரை நடுவில் நிறுத்தினால் அது தபால்காரர் வேலைதான்.

ஆராய்ச்சியிலும் பெரிதாக ஒன்றும் நிரூபணமாகவில்லை. பிரிட்டனில் 33 கிளினிக்குகளில் 1546 நோயாளிகளை வைத்து 3டி என்று ஒரு சோதனை நடத்தி 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா நோயையும் சேர்த்துப் பார்ப்பது, மருந்துப் பட்டியலை அலசுவது, மனச்சோர்வு உண்டா என்று கேட்பது எல்லாம் அதில் உண்டு. முடிவில் வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் இல்லை என்றார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஒருங்கிணைப்பு நர்ஸ்

சார், அந்த ஆய்வைச் சொல்வதென்றால் மற்ற பாதியையும் சொல்லுங்கள். நோயாளிகள் தங்களை மதித்து, தங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டு வைத்தியம் செய்ததாக உணர்ந்தது தெளிவாகக் கூடியது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை என்பது என் கருத்து. ஆனால் போன் போட்டுப் படிவம் நிரப்புவதைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன், அப்படி நடக்கிற இடங்களை நானும் பார்த்திருக்கிறேன்.

எது வேலை செய்கிறது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2010-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சர்க்கரையோ இதய நோயோ இருந்து, கட்டுப்பாடும் இல்லாமல், கூடவே மனச்சோர்வும் இருந்த 214 பேரை வைத்துச் செய்தார்கள். அங்கே நர்ஸ் தனியாக விடப்படவில்லை. வாராவாரம் மனநல டாக்டரும் பொது டாக்டரும் அவரோடு உட்கார்ந்து, யாருக்கு எண்கள் இறங்கவில்லையோ அவர்களுடைய மருந்தை மாற்றப் பரிந்துரைத்தார்கள். சர்க்கரை, கொழுப்பு, பிரஷர், மனச்சோர்வு எல்லாவற்றிலுமே சேர்ந்து முன்னேற்றம் தெரிந்தது. இன்சுலின் போடாமல் விடுகிறவரை "அலட்சியம்" என்று எழுதி மூடிவிடுவது எளிது. காலையில் எழுந்திருக்கவே மனசு வராத ஆள் எப்படி ஊசி போட்டுக்கொள்வார்?

உங்கள் பெரியப்பாவின் தலைசுற்றலுக்கு வருகிறேன். படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்றதும் ஒருமுறை, மூன்று நிமிஷத்துக்குள் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 விழுந்தால், பிரஷர் மாத்திரையோ புராஸ்டேட்டுக்கு எடுக்கும் டாம்சுலோசினோ காரணமாக இருக்கலாம். உட்கார வைத்து மட்டும் பார்த்தால் இது பிடிபடவே செய்யாது. என் அனுபவத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் சில நாட்கள்தான் ஆபத்தான காலம். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு மருந்து நிறுத்தப்பட்டிருக்கும், வீட்டு டப்பாவில் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

ஐந்து நோய்க்காரன்

பார்த்துக்கொள்கிறவர்கள் பேசிவிட்டீர்கள், நோயாளி நான் பேசுகிறேன். நாள்பட்ட மூச்சடைப்பு, சர்க்கரை, பிரஷர், தைராய்டு, தேய்ந்த மூட்டு. நோயைவிட வைத்தியம்தான் என்னைக் களைப்பாக்கியது. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், கால்சியம் அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி, இன்ஹேலர் அடித்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், விரலில் குத்திப் பார்க்க வேண்டும், இதற்கிடையில் ரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க ஒரு நாள், காட்ட ஒரு நாள். 2005-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வந்தது. 79 வயது அம்மையார், ஏறக்குறைய என்னுடைய நோய்களே, ஒவ்வொரு நோய்க்கும் உள்ள வழிகாட்டுதலை அப்படியே பின்பற்றினால் அவருக்கு 12 மருந்து, நாளைக்கு 19 டோஸ் வருகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். கற்பனை நோயாளிதான், ஆனால் எனக்கு அது என் வீட்டுக் கணக்கு.

புது டாக்டர் முதலில் கேட்டது, "இதிலெல்லாம் உங்களுக்கு எது பெரிய தொந்தரவு?" நான் சொன்னது சர்க்கரையும் இல்லை, மூச்சும் இல்லை, விடியற்காலையில் வியர்த்து நடுங்கிக்கொண்டு எழுவது. கிளிபென்கிளமைட் என்ற சர்க்கரை மாத்திரையால் சர்க்கரை தாழ்ந்து போகிறது என்றார், வயதானவர்களுக்குச் சர்க்கரையை நெடுநேரம் இறக்கியே வைக்கக்கூடிய மாத்திரை அது. அதை நிறுத்தினார், ஏழுக்குள் கட்டாயம் வேண்டும் என்று துரத்தப்பட்ட ஹெச்பிஏ1சி-க்கு, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரிக்கு, எட்டு வரை பரவாயில்லை என்றார். நடுக்கம் போய்விட்டது. நெஞ்சு டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் சர்க்கரை முந்நூறைத் தாண்டும், முன்பு அது யாருடைய பொறுப்பும் இல்லை. இப்போது அந்த நாட்களில் என்ன செய்வது என்று எழுதிய தாள் ஒன்று என்னிடமும் இருக்கிறது, அவரிடமும் இருக்கிறது. பரிசோதனை எல்லாம் ஒரே நாள், ஒரே ஊசி. குறை என்றால், கண் டாக்டர் இன்னும் இந்த வட்டத்துக்குள் வரவில்லை, அவர் எழுதும் சொட்டு மருந்தை நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொட்டு மருந்தில் கண் அழுத்தத்தைக் குறைக்கும் டிமோலால் இருந்தால் என் மாதிரி மூச்சுக்காரனுக்கு இழுப்பு வரலாம் என்பதை எத்தனை பேர் யோசிக்கிறார்கள்?

அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்

நர்ஸ் மேடம், ஒரு சந்தேகம். அப்பாவுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் எல்லா மாத்திரையும் வழக்கம்போல் கொடுக்கலாமா? எங்கள் தாளில் இது இல்லை.

ஒருங்கிணைப்பு நர்ஸ்

நல்ல கேள்வி, அடுத்த சந்திப்பில் முதலில் இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பில் நீர் வற்றும் நாட்களில் ராமிப்ரில், நீர் மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் வகை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம், சாப்பிட, குடிக்க ஆரம்பித்து ஓரிரு நாளில் மீண்டும் தொடங்குவார்கள். ஆனால் உங்கள் அப்பாவுக்கு இதயமும் பலவீனம், அதனால் எதை, எத்தனை நாள், யாரைக் கேட்டு என்பதை உங்கள் டாக்டர்தான் பெயர் போட்டு எழுத வேண்டும். இன்சுலின் எடுப்பவராக இருந்தால் அதை மட்டும் நீங்களாக முழுதாக நிறுத்திவிடாதீர்கள்.

நம்பிக்கை இழந்த ஒருவர்

பெரியப்பாவுக்கு நிற்க வைத்துப் பார்த்தோம். 146 இருந்தது 118-க்கு இறங்கியது. ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்யாமல் நேரே டாக்டரிடமே கூட்டிப்போகிறேன், மருந்துப் பையோடு.